ஊதுவாய் மேல் விழுந்த பழி

விதோசாவின் உதட்டுப் புண் மிலெந்தியேயின் ட்ரம்பெட் ஊதுவாயிலிருந்து ஒட்டிக்கொண்டது என்பது லிபோவட்ஸ் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாமல் மிச்சமிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தேவாலயத்தில் மணியடிப்பவர், அவருக்கு இருபது வருஷமாகக் காது கேட்காது. இன்னொருவர் நர்ஸ் ஸாகோர்கா. அது உண்மையா பொய்யா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான் என்பதால், அவள் காதுக்கு மட்டும் வந்து சேரத் தாமதமானது. விஷயம் தெரிந்தவர்களைச் சுற்றிப் போவதுதானே வதந்திக்கு அழகு.

திங்கட்கிழமை காலை ஸாகோர்கா பாலாடைக்கட்டி வைத்த பூரேக் அப்பம் வாங்க நின்றபோது ரொட்டிக் கடைக்காரி முழுக் கதையையும் ஆவி பறக்கச் சொன்னாள். ஈஸ்டர் முடிந்து நடந்த முதல் கல்யாணம். மண்பானையில் கல்யாண முட்டைக்கோஸ் பன்றிக் கறியோடு முந்தின இரவிலிருந்தே கொதித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது ட்ரம்பெட் வாசிக்கும் விதோசாவ் மூடியைத் திறந்து வாசம் பிடிக்கக் குனிகிறான். வாத்தியத்தின் ஊதுவாய், அதாவது உதடு வைக்கிற அந்தப் பித்தளைக் கிண்ணம், கழன்று பானைக்குள் விழுகிறது. பானையைக் கவிழ்க்கச் சமையல்காரி விடவில்லை. அப்போது பேண்டு மாஸ்டர் மிலெந்தியே தன் சட்டைப் பையிலிருந்து உபரி ஊதுவாயை எடுத்துக் கொடுத்தார். இப்போது விதோசாவின் உதட்டில் புண்.

"மிலெந்தியேவுக்குப் பொண்டாட்டி போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம்," என்றாள் கடைக்காரி, பூரேக்கை வெட்டிக்கொண்டே. "தனியா இருக்கிற ஆம்பளை. எங்கெங்க வாய் வெச்சாரோ."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் அந்த வாய்கள் எங்கெங்கே போய்வருகின்றன என்று முப்பத்தோரு வருஷமாகக் குறிப்பெடுத்து வருபவள் ஸாகோர்கா. அவள் பூரேக்கை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சுகாதார நிலையத்தில் அவளுடையது ஏழாம் எண் அறை. கதவில் 'தோல்' என்று எழுதியிருக்கும். மற்றதை எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். அவள் வந்தது பிரசவ அறை வேலைக்கு. ஒருத்தி பேறுகால விடுப்பில் போயிருக்கிறாள், ஒரு மாதம் மட்டும் ஏழில் இரு என்றார்கள். அந்த விடுப்பில் பிறந்த குழந்தைதான் இன்றைக்கு ஊர்ப் பேருந்தை ஓட்டுகிறது. மகள் தடுப்பூசிப் பக்கம் வேலை செய்கிறாள் என்று அவளுடைய அம்மா சாகும்வரை அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வருஷம் அவளோடு கைகுலுக்கியவர்கள் திரும்பி நின்று கையைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அவர்களே ஒவ்வொருவராக ஏழாம் கதவுக்கு வந்தார்கள். நேராக வரமாட்டார்கள். எதிரே பல் மருத்துவர் வரிசையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நடைபாதை காலியானதும் சட்டென்று குறுக்கே பாய்வார்கள். இந்த மாவட்டத்தில் பல்வலி இத்தனை அதிகமாக இருப்பது ஏன் என்று யாரோ ஒருமுறை ஆராயக்கூட வந்தார்களாம்.

குடும்பப் புனிதரின் ஸ்லாவா விருந்து நாட்களில் அவள் வீட்டு வாசல்படியில் பெயர் போடாத கேக்குகள் இருக்கும். எந்தக் கேக் யாருடைய தொண்டைக்கு நன்றி என்று அவளுக்குத் தெரியும். அவள் சாப்பிடுவாள், சொல்லமாட்டாள்.

அவளைப் பிரமிக்க வைத்தது நோய் அல்ல, ஒரு சொல். முதல் வருஷங்களில் அவள் படிவத்தை நேர்மையாகத்தான் நிரப்பினாள். கடந்த மூன்று மாதத்தில் யாரோடாவது உறவு உண்டா என்று கேட்பாள். "ஒண்ணும் நடக்கலை, சிஸ்டர்" என்பார்கள். இல்லை என்று எழுதுவாள். அப்படித்தான் கல்லூரிப் பெண் ஒருத்தியைச் சுத்தம் என்று எழுதி அனுப்பினாள். சிறுநீரில் ஒன்றுமில்லை, கீழே எடுத்த பஞ்சுமாதிரியிலும் ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து அவளுடைய காதலன் எரிச்சலும் சீழுமாக வந்தான். சாச்சக் நகரத்திலிருந்து செவ்வாய்தோறும் வரும் டாக்டர் அந்தப் பெண்ணை மறுபடி அழைத்துத் தொண்டையில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தார். கொனோரியா அங்கே இருந்தது. வலியில்லை, காய்ச்சலில்லை, தொண்டை கரகரப்புகூட இல்லை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. கீழே மட்டும் தேடினால் அது கிடைக்காது. சேர்ந்த இடத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. வாயால் நடந்தது அவள் கணக்கில் 'நடந்தது' ஆகவில்லை, அவ்வளவுதான். அவள் கணக்கில் மட்டுமா? பாதிரியார் முதல் லாரி டிரைவர் வரை யார் கணக்கிலும் இல்லை. அன்றிலிருந்து ஸாகோர்கா அடுத்த கேள்வி ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். முகத்தைப் பார்க்காமல், ஊசி உறையைப் பிரித்தபடி கேட்பாள்: "சரி, அந்த ஒண்ணும் நடக்காதது எங்க நடந்துச்சு? வாய்லயா?"

அதற்குப் பிறகு வரும் மௌனத்தை அவள் தேவாலயத்தில்கூடக் கேட்டதில்லை. மனிதர்கள் எவ்வளவு பெரிய பொருளை எவ்வளவு சிறிய சொல்லுக்குள் மடித்து வைக்கிறார்கள். முப்பத்தோரு வருஷமாகியும் அந்த வியப்பு அவளுக்குத் தீரவில்லை.

செவ்வாய்க்கிழமை பல்வலி வரிசையிலிருந்து விதோசாவ் பாய்ந்து வந்தான். நாற்பத்தோரு வயது. கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்தான். மிலெந்தியே கொடுத்த அந்த ஊதுவாய்.

"இதைச் சோதிச்சு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கக்கா. வீட்ல காட்டணும்."

அவள் ஊதுவாயைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தாள். கையுறை போட்டுக்கொண்டு தொட்டாள். சட்டைப் பொத்தான் போல வட்டமாக, விளிம்பு கெட்டியாக, சுத்தமான புண்.

"வலிக்கவே இல்லை," என்றான் அவன், அதுதான் தன் நிரபராதித்தனம் என்பதுபோல.

"வலிச்சா நீ முதல் நாளே வந்திருப்ப. அது அந்த நோய்க்கும் தெரியும்."

கண்ணுக்குத் தெரியாத ஒரு சுருள் நூல் அந்தக் கிருமி. நுழைந்த இடத்தில் வலிக்காத ஒரு புண்ணைப் போட்டுவிட்டு, சில வாரத்தில் அந்தப் புண்ணையும் தானே ஆற்றிவிட்டு, ஆளை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். சிகிச்சை இல்லாமல் விட்டால் ஒருநாள் கண்ணையோ காதையோ மூளையையோ தட்டும். இவ்வளவு பொறுமை மட்டும் மனிதனுக்கு இருந்திருந்தால் என்று சிபிலிஸை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தோன்றும்.

அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். ஒண்ணும் நடக்கலை என்றான். அடுத்த கேள்வியைக் கேட்டாள். விதோசாவ் ஜன்னலைப் பார்த்தான், எடை பார்க்கும் இயந்திரத்தைப் பார்த்தான், கடைசியில் தன் பூட்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணத்துக்கு மறுவாரம் ஸ்லாதிபோர் மலையில் ஒரு ஹோட்டல், ஏதோ கம்பெனி விருந்து. ஒன்பது மணிநேரம் வாசித்து உதடு வெடித்துப் போயிருந்தது. அதன் பிறகு நடந்தது, வாயால்தான். உடனே ரக்கியாவில் இரண்டு தடவை வாய் கொப்பளித்தான். அப்பா காய்ச்சிய பிளம் சரக்கு, ஐம்பத்திரண்டு டிகிரி.

"தொண்டைக்கட்டுக்கே அதுதானே எங்கப்பா குடுப்பார். கிருமி நிக்குமா அதுல?"

"ரக்கியா உன் வெட்கத்தைத்தான் கொன்னுது. கிருமி உள்ள போன பிறகு மேல எதை ஊத்தி என்ன? வெடிச்ச உதடுன்னா திறந்து கிடக்கிற கதவு, விதோசாவ்."

யார் என்று அவள் கேட்கவில்லை. அந்த ஆளுக்குத் தகவல் சொல்ல வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருந்தது.

டாக்டர் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் இடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பென்சிலின் ஊசி அன்றே போட்டார்கள். புண் முழுக்க ஆறும்வரை, குறைந்தது ஒரு வாரம், முத்தம் உட்பட எதுவும் கூடாது. மனைவி நெவென்காவும் வரவேண்டும்.

"அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"ஊதுவாய்னு சொன்ன வாய்தானே. அதுலயே உண்மையையும் சொல்லு."

"அப்ப ஊதுவாய்லேர்ந்து வரவே வராதாக்கா?" பாவம், கடைசி நம்பிக்கை.

ஸாகோர்கா நேர்மைக்காரி. ஈரம் காயுமுன் ஒரு புண் வாயிலிருந்து அடுத்த வாய்க்குப் போனால் உலகத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்றாள். ஆனால் இது குளிர்காலம் முழுக்க மிலெந்தியேயின் சட்டைப் பையில் புகையிலைத் தூளோடு கிடந்தது. இந்தக் கிருமி காய்ந்தால் செத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒருவர் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அவரிடம் இருக்கவேண்டும்.

விதோசாவ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனான். ஊதுவாய் மேசையிலேயே கிடந்தது.

இப்படியாகச் செவ்வாய் மதியமே ஸாகோர்காவுக்கு வதந்தி பொய் என்று தெரிந்துவிட்டது. அதைச் சொல்லும் உரிமைதான் அவளுக்கு இல்லை. ஏழாம் அறையில் கேட்டதை வெளியே சொன்னால் நாளை யாரும் அந்தக் கதவைத் தட்டமாட்டார்கள், பல்வலி பல்வலியாகவே இருந்துவிடும். அவள் வாயை மூடிக்கொண்டிருக்க, ஊர் மிலெந்தியேவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஊர் மதுக்கடையான கஃபானாவில் அவர் குடித்துவைத்த கிளாஸை முதலாளி அவர் கண்ணெதிரிலேயே குப்பையில் உடைத்துப் போட்டான். மாவு மில் வீட்டார் ஜூன் கல்யாணத்துக்கு வேறு பேண்டு பார்த்துக்கொண்டார்கள். அவரிடம் ட்ரம்பெட் கற்றுக்கொண்டிருந்த நாலு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் கணக்குப் பாடத்தில் ஆர்வம் வந்தது. அறுபத்து மூன்று வயதில் ஊர் அவருடைய வாயையே எச்சில் என்று ஒதுக்கியது. வாயால் பிழைப்பவருக்கு அதற்குமேல் என்ன மிச்சம்?

வெள்ளிக்கிழமை நெவென்கா வந்தாள். பல்வலி வரிசையில் உட்காராமல் நேராகக் கதவைத் தட்டியவள், ஸாகோர்காவின் அனுபவத்தில், விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரில் ஒருத்தி. ரத்தம் கொடுத்தாள், ஊசிகளை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

"ஊதுவாய்னு சலூன்ல சொன்னது நான்தான்," என்றாள். "அவன் சொன்னான், நான் பரப்பினேன். முழுசா நம்பலை அக்கா. ஆனா நம்பினா தூக்கம் வந்துச்சு."

ஸாகோர்கா ஊசியைக் குப்பியில் போட்டாள். நெவென்கா ஜாக்கெட் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள், "அந்தக் கிளாஸ்லேர்ந்து வருமா? அவர் குடிக்கிறதுலேர்ந்து?"

இந்த நோய் கிளாஸ், கரண்டி, கழிப்பறை இவற்றிலிருந்தெல்லாம் வருவதில்லை என்றாள் ஸாகோர்கா. யார் கிளாஸ் என்று ஸாகோர்கா கேட்கவில்லை, நெவென்காவும் சொல்லவில்லை.

அடுத்த திங்களன்று பல்வலி வரிசையில் மிலெந்தியே உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சொந்தப் பல்லே கிடையாது, கட்டின செட்டு. அதோடுதான் போட்டிகளில் நாற்பது பேண்டுகளை ஊதித் தள்ளியவர். ஸாகோர்கா கதவைத் திறந்து வைத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"உள்ள வந்தா ஊர் சொன்னது நிஜம்னு ஆயிடும், தங்கச்சி. வராட்டி மறைக்கிறேன்னு ஆயிடும்."

"தனியா வந்தாத்தானே அண்ணே."

அவர் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் செவ்வாய். பத்து மணிக்குச் சுகாதார நிலையத்தின் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. லிபோவட்ஸ் பேண்டு, ஒன்பது பேரும், பாலத்தைத் தாண்டி கோலோ நடனத்துக்கான மெட்டை வாசித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார்கள். வாசிக்காமல் நடப்பது சவ ஊர்வலத்தில் மட்டும்தான் என்று மிலெந்தியே சொல்லிவிட்டாராம். சந்தைக்காரிகள் மிளகாய்க் கூடையை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். நிஜமான பல்வலிக்காரர்கள் வலியை மறந்து வாசலுக்கு ஓடினார்கள். அதுவரை யாரும் வரிசை கட்டி நின்றிராத ஏழாம் கதவின் முன்னால், வாத்தியங்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒன்பது ஆண்கள் சட்டைக் கையைச் சுருட்டி வரிசையில் நின்றார்கள். ஒன்பதில் ஒருவனாக விதோசாவும். அவன் கையில் போன வாரம் ரத்தம் எடுத்த ஊசித் தடம் இன்னும் இருந்தது. ஸாகோர்கா மறுகையைக் கேட்டாள், அதிலிருந்து எடுத்தாள்.

முப்பத்தோரு வருஷத்தில் அவள் கண் கலங்கியது அன்றுதான். மருந்துவாடை என்று சொல்லிச் சமாளித்தாள்.

வந்தவர்களைச் சும்மா விடுவாளா? ஒன்பது பேரையும் உட்காரவைத்து, தன் பிரியமான கேள்வியை வரிசையாகக் கேட்காமல், காற்றைப் பார்த்துச் சொன்னாள். வாய்வழி உறவும் உறவுதான். கர்ப்பம் வராது, நோய் வரும். சிபிலிஸ், கொனோரியா, அக்கி, தொண்டையில் பின்னாளில் புற்றாகக்கூடிய ஒரு வைரஸ். எச்.ஐ.வி. அந்த வழியில் ரொம்ப அபூர்வம், மற்றவை அப்படியில்லை. எதிரே புண்ணோ கொப்புளமோ தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். உன் உதடு வெடித்திருந்தாலும், ஈறில் ரத்தம் கசிந்தாலும் வேண்டாம். அதற்காக அதற்கு முன்னால் பல்லை அழுத்தித் தேய்த்து ஈறைக் கிழித்துக்கொள்ளவும் வேண்டாம். ஆணுக்கு என்றால் ஆணுறை. பெண்ணுக்கு என்றால் நடுவில் மெல்லிய ரப்பர் தாள். அது கிடைக்காவிட்டால் ஆணுறையின் நுனியை வெட்டி நீளவாக்கில் கிழித்து விரித்தால் அதுவே தாள்.

"மீசை வெச்சவனுக்கு அளவு கிடைக்குமா, சிஸ்டர்?" என்றார் பெரிய மேளக்காரர்.

"உங்க மேளத்தோலை விரிச்சாத்தான் சரியா வரும்."

சிரிப்பு அடங்கியதும் அந்த மௌனம் வந்தது, அவளுக்குத் தெரிந்த அதே மௌனம். இப்போது ஒன்பது மடங்கு. ஒவ்வொருவனும் தன் தன் 'ஒண்ணும் நடக்காததை' உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். கடைசியில் டூபா வாசிக்கும் பெரிய ஆள், கூரையைப் பார்த்தபடி, தொண்டையிலும் குச்சி விட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பிறகு இன்னொருவர். மொத்தம் ஆறு பேர் வாயைத் திறந்தார்கள். ஊதித் தேய்ந்த அந்தப் பெரிய தொண்டைகளுக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது, ஏதோ கோபுரத்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. தொண்டைப் புற்று வைரஸுக்கு ஊசி உண்டாமே, பன்னிரண்டு வயசு மகளுக்குப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். மகனுக்கும் போடுங்கள் என்றாள்.

ஒரு வாரத்தில் ஒன்பது ஒட்டிய உறைகள் வந்தன. அன்று மாலை ஸாகோர்கா கஃபானாவின் மூலை மேசையில் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அங்கே போவது வழக்கமில்லை. மிலெந்தியே நின்றுகொண்டே தன் உறையைக் கிழித்து, கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல் வாசித்தார். எதுவும் இல்லை, ரத்தம் சுத்தம். ஏப்ரல் கல்யாணத்தில் யாருக்காவது அவர் நோயைக் கொடுத்திருந்தால் இந்நேரம் அது அவர் ரத்தத்தில் தெரிந்திருக்கும் என்று டாக்டர் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். அதையும் வாசித்தார்.

மற்ற எட்டு உறைகளும் சட்டைப் பைகளில் ஒட்டியபடியே இருந்தன. ஊரின் கண்கள் ஒவ்வொரு பையாக நகர்ந்தன.

மிலெந்தியே ஒரு ரக்கியா கேட்டார். முதலாளி ஊற்றினான். அவர் பாதி குடித்துவிட்டு வைத்தார். முதலாளி, சீட்டைக் கேட்டபிறகும், பழக்கதோஷத்தில், இரண்டு விரலால் அந்தக் கிளாஸின் விளிம்பைப் பிடித்தான். சீட்டால் மாறாத கை அது.

கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெவென்கா எழுந்து வந்தாள். முதலாளியின் விரலிலிருந்து கிளாஸை வாங்கினாள். மிலெந்தியேயின் உதடு பட்ட இடத்தை எல்லாரும் பார்க்கும்படித் திருப்பி, அதே இடத்தில் வாய் வைத்து மீதியைக் குடித்தாள். கிளாஸை மேசைமேல் வைத்தாள்.

"ஊதுவாய் மேல தப்பில்லை," என்றாள். "நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு."

அப்படியென்றால் தப்பு எதன்மேல் என்று கேட்க முப்பது வாய்கள் அங்கே இருந்தன, ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஸாகோர்கா காபியை மறந்துவிட்டாள். தான் முப்பத்தோரு வருஷம் காத்த மௌனத்தைவிடப் பெரிய ஒன்றை ஒருத்தி அரைக் கிளாஸில் செய்து முடித்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விதோசாவ் மேசை விரிப்பின் சிவப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாவு மில் வீட்டார் மறுநாளே புகையூட்டிய பன்றித் தொடையோடு மிலெந்தியே வீட்டுக்குப் போனார்கள். அவர் ஜூன் கல்யாணத்தில் வாசித்தார். அன்று தன் உதடு வெடித்ததும் இரண்டாம் ட்ரம்பெட்டையும் நிறுத்தச் சொல்லி, எல்லார் முன்னாலும் களிம்பு தடவிக்கொண்டார் என்று சொன்னார்கள். நாலு பிள்ளைகளில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். நாலாவது பிள்ளைக்கு நிஜமாகவே கணக்குப் பிடித்துப்போயிற்று.

ஊதுவாய் மட்டும் ஏழாம் அறையிலேயே நின்றுவிட்டது. ஸாகோர்கா அதைக் கொதிக்கவைத்து, துடைத்து, சீட்டுகள் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்தாள். மிலெந்தியேவிடம் சொல்லியனுப்பினாள். வாங்கினவன் கொண்டுவந்து தரட்டும் என்று பதில் வந்தது. விதோசாவிடமும் சொல்லியனுப்பினாள். பதில் வரவில்லை. இருவரும் வாரந்தோறும் ஒரே பேண்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசிக்கிறார்கள், இரண்டு பேரும் வேறு ஊதுவாயில்.

செப்டம்பரில் மூன்றாம் மாதச் சோதனைக்கு விதோசாவ் சரியான தேதியில் வந்தான். பல்வலி வரிசையில் உட்காரவில்லை. கையை நீட்டினான். ரத்தத்தில் நோயின் அளவு நன்றாக இறங்கியிருந்தது என்பது அடுத்த வாரம்தான் தெரியும். இப்போதைக்கு அவன் கண் மேசையிலேயே இருந்தது.

"அது இங்கதான் இருக்காக்கா?"

"இங்கதான் இருக்கு."

பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டு எழுந்தான். கதவு வரை போனவன் நின்றான்.

"அடுத்த ரத்தம் எப்போ?"

"டிசம்பர்."

"அப்ப அதை எடுத்துக்கிறேன்," என்றான்.